எரிவாயு நிறுவனம் வேகமாக வளர்ந்தால் பழைய குழாய்களின் பாதுகாப்பு என்ன ஆகும்?

நீங்கள் கேட்டது இதுதான்: உங்கள் பகுதியில் குழாய் வழியாக இயற்கை எரிவாயு தரும் நிறுவனம் ஆண்டுதோறும் புதுத் தெருக்களுக்கு இணைப்பு கொடுத்துக்கொண்டே போகிறது. இந்த வேகத்தில் ஏற்கெனவே புதைத்த குழாய்களை யார் கவனிக்கிறார்கள், இணைப்பு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மண்ணுக்கடியில் இருப்பதை வெளியே நிற்கும் ஒருவர் எதை வைத்து எடைபோடுவது? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நகர விநியோகக் குழாய்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். முதலில் கசிவு தேடும் குழு, பிறகு புது இணைப்புப் பிரிவு, கடைசியில் பராமரிப்புத் திட்டம். ஊர் விட்டு ஊர் போகும் உயர் அழுத்தக் குழாய்களில் நேரடி அனுபவம் இல்லை. அவற்றைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் விசாரணை அறிக்கைகளைப் படித்துத் தெரிந்துகொண்டது.

வேகமாக வளர்வதாலேயே ஒரு நிறுவனம் ஆபத்தானதாகிவிடாது. புதுக் குழாய் பெரும்பாலும் பழையதைவிட நல்ல குழாய். ஆனால் குழாயின் நீளம் கூடக் கூட, எந்த இடத்தில் என்ன புதைந்திருக்கிறது, யார் எப்போது இணைத்தார்கள், எதோடு எது ஒட்டியிருக்கிறது என்ற விவரமும் அதே அளவுக்குக் கூட வேண்டும். அந்த விவரம் பின்தங்கும்போதுதான் விபத்து வருகிறது. நான் பார்த்ததிலும் படித்ததிலும் பெரிய விபத்துகளைத் தோண்டிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் இது கிடக்கிறது.

முதலில் வாயுவைப் பற்றிக் கொஞ்சம். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்தான். காற்றைவிட லேசானது. காற்றில் அதன் பங்கு ஏறக்குறைய 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை இருக்கும்போதுதான் தீப்பற்றும். திறந்த வெளியில் கசிந்தால் மேலே ஏறிக் கலைந்துவிடும். மூடிய இடத்தில் சேர்ந்தால்தான் வெடிக்கும். இயல்பில் அதற்கு வாசனை கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், வாசனையில்லாத வாயு யாருக்கும் தெரியாமல் கட்டடத்துக்கு அடியில் சேர்ந்து வெடித்தது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அங்கே வாயுவில் மணமூட்டி கலப்பது சட்டமானது. இன்றைய அமெரிக்க விதிப்படி, தீப்பற்றும் குறைந்தபட்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது காற்றில் சுமார் 1 சதவீதம் வாயு இருக்கும்போதே சாதாரண மூக்குக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இங்கேயே வளர்ச்சி ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. புதிதாகப் போட்ட எஃகுக் குழாயின் உட்சுவர் ஆரம்ப நாட்களில் மணமூட்டியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். கடைசி வீட்டுக்குப் போகும் வாயுவில் வாசனை குறைந்திருக்கும். அதனால் புது லைனைத் திறந்தவுடன் வழக்கத்தைவிட அதிகமாக மணமூட்டி விட்டு, குழாயின் முனையில் நின்று முகர்ந்தும் கருவியால் அளந்தும் பார்க்க வேண்டும். அவசரப்படும் நிறுவனம் முதலில் விட்டுவிடும் வேலைகளில் இதுவும் ஒன்று.

இப்போது நகரங்களில் புதைக்கும் குழாய் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். துருப்பிடிக்காது, வளையும், பல பத்தாண்டு தாங்கும். அதன் பலவீனம் இணைப்பில் இருக்கிறது. இரண்டு குழாய் முனைகளையும் கப்ளர் என்ற பிளாஸ்டிக் இணைப்பு உறைக்குள் செருகி மின்சாரம் கொடுத்தால், கப்ளருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடாகி, பிளாஸ்டிக் உருகி ஒன்றாகிவிடும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் குழாயின் மேற்பரப்பு வெயிலிலும் காற்றிலும் கிடந்து ஒரு மெல்லிய படலம் பிடித்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் இணைத்தால் உருகியதுபோல் தெரியுமே தவிர உள்ளே ஒட்டியிருக்காது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மார்க்கர் பேனாவால் குழாய் முனையைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடச் சொல்வார். பிறகு சுரண்டும் கருவியைப் போட்டுச் சுற்ற வேண்டும். நாடா நாடாவாகப் பிளாஸ்டிக் உரிந்து விழும். ஒரு கோடு மிச்சமிருந்தாலும் அவர் கப்ளரைத் தொட விடமாட்டார். இணைத்த பிறகு, ஆறும்வரை குழாயைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கழற்றக் கூடாது. அந்தச் சில நிமிடங்கள் யாருக்கும் பொறுக்காது. பள்ளத்தை மூட வண்டி காத்திருக்கும், போக்குவரத்துக் காவலர் கத்திக்கொண்டிருப்பார், அன்றைக்கு இத்தனை மீட்டர் முடித்தாக வேண்டும் என்று ஒப்பந்ததாரருக்குக் கணக்கு இருக்கும்.

இதில் கொடுமை, அரைகுறையாக ஒட்டிய இணைப்பு அன்றைய அழுத்தச் சோதனையில் தேறிவிடலாம். ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இருந்துவிட்டு, மண் கொஞ்சம் இறங்கியதும் பிளக்கும். அதற்குள் வேலை செய்த குழுவும் மாறியிருக்கும், ஒப்பந்ததாரரும் மாறியிருப்பார். ஆக, இன்றைய அவசரத்துக்கான விலையைப் பத்து ஆண்டு கழித்து வரும் பராமரிப்புக் குழு கொடுக்கிறது. ஒவ்வொரு இணைப்பையும் யார், எந்த இயந்திரத்தில், எந்த நேரத்தில் செய்தார்கள் என்ற பதிவு இருந்தால், ஒன்று பிளந்தாலும் அதே கை செய்த மற்ற இணைப்புகளை உடனே தேடிப் போகலாம். பதிவு இல்லையென்றால் அடுத்தது பிளக்கும்வரை காத்திருப்பதுதான்.

பதிவைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு குழாயின் இடத்தை எங்கள் வரைபடம் "சுற்றுச்சுவர் மூலையிலிருந்து 1.2 மீட்டர்" என்று காட்டியது. நாங்களும் சுவரிலிருந்து அளந்து, அங்கே தோண்ட வந்தவர்களுக்குக் குறி போட்டுக் கொடுத்துவிட்டோம். குறியிலிருந்து தள்ளித்தான் பொக்லைன் தோண்டியது, ஆனாலும் குழாய் அறுந்தது. காரணம், சாலையை அகலப்படுத்தியபோது பழைய சுவரை இடித்து, உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது, சுவர் நகர்ந்துவிட்டது. பள்ளத்திலிருந்து வாயு சீறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பற்றவில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த வரைபடத்தைச் சரி என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து, எதை வைத்து அளந்தார்கள் என்று பார்க்காமல் எந்த அளவையும் நான் நம்புவதில்லை.

இதே கதை பெரிய அளவில் நடந்ததுதான் சான் புரூனோ. 2010 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவில் 30 அங்குல உயர் அழுத்தக் குழாய் குடியிருப்புக்கு நடுவே வெடித்து 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. அந்தப் பகுதி 1956-இல் போடப்பட்டது. நிறுவனத்தின் பதிவில் அது தையலில்லாத குழாய், அதாவது நீளவாக்கில் வெல்டிங் மூட்டே இல்லாத குழாய் என்று இருந்தது. தோண்டி எடுத்துப் பார்த்தால் துண்டு துண்டாக ஒட்டவைத்த குழாய், அதில் நீளவாக்கில் வெல்டிங் பாதிதான் இறங்கியிருந்தது. தையலே இல்லை என்று காகிதம் சொல்லும்போது, தையலைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வாயுவை நிறுத்தவே 95 நிமிடம் ஆனது. அங்கே தானாகவோ தொலைவிலிருந்தோ மூடும் வால்வு இல்லை, ஆள் போய்க் கையால் மூட வேண்டியிருந்தது.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 2018 செப்டம்பர் 13 அன்று மாசசூசெட்ஸில் மெரிமாக் பள்ளத்தாக்கில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நிறுவனம் பராமரிப்பைப் புறக்கணித்துக்கொண்டிருக்கவில்லை. பழைய வார்ப்பிரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பாலிஎத்திலீன் போடும் நல்ல வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. அந்தப் பகுதி குறைந்த அழுத்த அமைப்பு. சதுர அங்குலத்துக்கு சுமார் அரை பவுண்டு அழுத்தம் நேராக வீட்டுக்குள் போகும். ஒவ்வொரு வீட்டிலும் தனி ரெகுலேட்டர் கிடையாது, தெருவுக்கு வரும் அழுத்தத்தை ஒரு நிலையத்தில் உள்ள ரெகுலேட்டர்கள் கட்டுப்படுத்தும். குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று அவற்றுக்குச் சொல்வது சின்னதாக ஓர் உணர்குழாய். அந்த உணர்குழாய் பழைய வார்ப்பிரும்புக் குழாயில் பொருத்தப்பட்டிருந்தது. வேலைத் திட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய குழாயைத் துண்டித்ததும் அதில் அழுத்தம் இறங்கியது. அழுத்தம் போதவில்லை என்று நினைத்து ரெகுலேட்டர் முழுதாகத் திறந்துகொண்டது. ஒன்று பழுதானால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்று இரண்டாவது ரெகுலேட்டரும் இருந்தது. ஆனால் அதுவும் அதே செத்த குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. லாரன்ஸ், ஆண்டோவர், நார்த் ஆண்டோவர் ஆகிய மூன்று ஊர்களில் அடுப்புகளும் கொதிகலன்களும் தீயைக் கக்கின. 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்தது, ஆனால் அங்கிருந்து எதையும் மூட வழியில்லை. 2020-இல் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அந்த விபத்தின் விசாரணை அறிக்கையைப் படித்த வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு ரெகுலேட்டர் நிலையத்தின் உணர்குழாயும் எங்கே போய்ச் சேர்கிறது என்று நடந்தே போய்ப் பார்த்தோம். எல்லாம் வரைபடத்தில் இருந்தபடிதான் இருந்தது என்று சொல்ல ஆசை. இரண்டு இடங்களில் அப்படி இல்லை.

சரி, அன்றாடப் பராமரிப்பு என்றால் என்ன? மூன்று வேலைகள். எஃகுக் குழாய்க்குத் துருப் பாதுகாப்பு, வால்வுகளையும் ரெகுலேட்டர்களையும் இயக்கிப் பார்ப்பது, கசிவு தேடுவது. எஃகுக் குழாயில் பூச்சு இருக்கும், அதோடு மெல்லிய மின்னோட்டம் கொடுத்துத் துருவைத் தடுப்பார்கள். மண்ணில் ஒரு மின்வாயை வைத்து மின்னழுத்தம் அளந்தால் பாதுகாப்பு கிடைக்கிறதா என்று தெரிந்துவிடும். வால்வில் ஒரு வேடிக்கையான ஆபத்து உண்டு. சாலை போடுகிறவர்கள் வால்வு மூடியின் மேலேயே தார் ஊற்றிவிடுவார்கள். வரைபடத்தில் வால்வு இருக்கும், தெருவில் இருக்காது. அதனால்தான் அமெரிக்க விதிகள் அவசர வால்வுகளை ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்து இயக்கச் சொல்கின்றன. வணிகப் பகுதிகளில் கசிவுச் சோதனையும் அங்கே ஆண்டுக்கு ஒருமுறை, மற்ற இடங்களில் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கலாம், ஆனால் ஒப்பிட இது ஓர் அளவுகோல்.

கசிவு தேடுவது நான் மிகவும் நேசித்த வேலை. கருவியோடு நடந்து போவோம், காட்டினால் நிற்போம். இரும்புக் கம்பியை அடித்து மண்ணில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் குழலை இறக்கி அளவெடுப்போம். எண் கூடிக்கொண்டே போய் எங்கே உச்சம் தொடுகிறதோ அங்கே தோண்டுவோம். ஆனால் துளை போடுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் போய் அளந்திருக்க வேண்டும், அதுதான் முதல் வேலை. மேலே சிமெண்ட் தளமோ மழையில் ஊறிய மண்ணோ இருந்தால் வாயு மேலே வர வழியில்லாமல் பக்கவாட்டில் ஊரும். ஒருமுறை ஒரு நிலவறையில் வாசனை என்று அழைத்தார்கள். அந்த வீட்டில் எரிவாயு இணைப்பே இல்லை! நான்கு வீடு தள்ளிக் கசிந்த வாயு, தொலைபேசிக் கம்பி போகும் குழாய்க்குள் நுழைந்து அங்கே வந்திருந்தது. இப்படி மண்வழியே வரும் வாயுவின் மணத்தை மண்ணே உறிஞ்சிவிடுவதும் உண்டு. அதனால் வாசனை வரவில்லை என்பதை மட்டும் நம்பி யாரும் நிம்மதியாக இருக்கக் கூடாது.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல நாடுகளில் எரிவாயுக் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. குழாய் போட்டால் அது முதலீடு, அதற்கு லாபமும் சேர்த்துக் கட்டணத்தில் வாங்கலாம். கசிவு தேட ஆள் வைத்தால் அது வெறும் செலவு, போட்டது திரும்பி வந்தாலே பெரிது. அதனால் புதுக் குழாய் போடுவதிலும் பழையதை மாற்றுவதிலும் நிறுவனத்துக்கு இருக்கும் ஆர்வம், ஆளை நடக்கவைத்துச் சோதிப்பதில் இருக்காது. நல்ல மேலாளர்களும் இந்த இழுப்பில் சிக்கியதைப் பார்த்திருக்கிறேன். கட்டாயம் போட்டால்தான் சரியாகிறது. பிரிட்டனில் கட்டடங்களிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்கும் இரும்புக் குழாய்களை 30 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும் என்று 2002-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மேலே இருந்து காலக்கெடு வந்ததால்தான் அது ஆண்டுக்காண்டு நகர்ந்தது.

வளர்ச்சியால் வரும் இன்னொரு நெருக்கடி அழுத்தம் இறங்குவது. ஒரே குழாயின் முனையில் வீடுகளைச் சேர்த்துக்கொண்டே போனால், எல்லோரும் ஒரே நேரத்தில் அடுப்பேற்றும் வேளையில் கடைசி வீட்டில் சுடர் அணைந்துவிடும். பிறகு வாயு திரும்பி வரும்போது, பாதுகாப்பு சாதனம் இல்லாத அடுப்பிலிருந்து எரியாமல் வெளியே வரும். அதனால் ஒரு தெருவில் வாயு நின்றுபோனால் வீடு வீடாக மீட்டரை மூடி, குழாயைச் சோதித்து, வீடு வீடாகத் திரும்பப் பற்றவைக்க வேண்டும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அதே அழுத்த இழப்பில் ஐந்து மடங்குக்கு மேல் வாயு போகும். ஆகவே, பத்து ஆண்டு முன்னோக்கிக் கணக்குப் போட்டு முதலிலேயே பெரிய குழாய் போடுவது நல்ல நிறுவனத்தின் அடையாளம்.

இனி நீங்கள் வெளியே இருந்து எதைக் கேட்கலாம் என்று சொல்கிறேன். வாசனை என்று புகார் வந்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் போகிறார்? கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் வைத்திருக்கும் கசிவுகள் எத்தனை, அந்தப் பட்டியல் சுருங்குகிறதா நீள்கிறதா? மற்றவர்கள் தோண்டிக் குழாயை அறுத்த நிகழ்வுகள், குறி போட்டுத் தரச் சொல்லி வந்த ஒவ்வொரு ஆயிரம் கோரிக்கைக்கும் எத்தனை? இந்த மூன்றும் நம்பத்தக்க அளவுகள் என்று உறுதியாகச் சொல்வேன். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். விநியோகக் குழாய்களில் வரும் பெரிய விபத்துகளுக்கு முன்வரிசைக் காரணம் பிறர் தோண்டுவதுதான். நிறுவனத்துக்குத் தன் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்பதும் அதில் வெளிப்பட்டுவிடும்.

நம்ப யோசிக்க வேண்டிய எண்களும் உண்டு. வாங்கிய வாயுவுக்கும் விற்ற வாயுவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கசிவு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் மீட்டர் பிழை, வெப்பநிலை மாற்றம், கணக்கெடுக்கும் தேதி, திருட்டு எல்லாம் கலந்திருக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கண்டுபிடித்த கசிவுகளின் எண்ணிக்கை திடீரென்று கூடினாலும் பயப்பட அவசரப்படாதீர்கள். புதுக் கருவி வாங்கி ஒழுங்காகத் தேடத் தொடங்கியிருக்கலாம். எங்கள் நிறுவனத்தில் அப்படித்தான் ஓர் ஆண்டு எண்ணிக்கை எகிறியது, நிர்வாகம் கவலைப்பட்டது, கசிவுக் குழு மகிழ்ந்தது. பழைய குழாய் எல்லாமே ஆபத்து என்பதும் முழு உண்மையில்லை. நல்ல பூச்சும் தொடர்ந்த மின்பாதுகாப்பும் உள்ள எஃகுக் குழாய் அரை நூற்றாண்டு கடந்தும் நன்றாக இருக்கிறது. மாறாக, ஆரம்பகாலப் பிளாஸ்டிக் குழாய்களில் சில வகைகள் மெல்ல விரிசல் விடுவது தெரிந்த விஷயம். ஆண்டை மட்டும் கேட்காமல் எந்தப் பொருள், எந்த இணைப்பு என்று கேளுங்கள்.

இணைப்பு வாங்கலாமா என்றால், வாங்கலாம் என்பதே என் பதில். அந்த மூன்று கேள்விகளுக்கும் மழுப்பாமல் எண் சொல்லும் நிறுவனமாக இருந்தால் தயங்க வேண்டாம். வாங்கிய பிறகு வீட்டில் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறி, தள்ளி நின்று போன் செய்யுங்கள். சிறிது நேரத்தில் வாசனை குறைந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே போகாதீர்கள், மூக்கு பழகிவிடும். அடுப்புக்கும் கொதிகலனுக்கும் காற்றோட்டம் இருக்கட்டும். சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, அதற்குத் தனியாக அலாரம் வைக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் வீட்டுக்குக் குழாய் புதைக்கும் அன்று பள்ளத்தை மூடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். குழாயிலிருந்து வீட்டின் மூலை வரை அளவுநாடாவை நீட்டிப் பிடிக்கச் சொல்லி, எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மூலையிலிருந்து அளக்கச் சொல்லுங்கள், சுற்றுச்சுவரிலிருந்து வேண்டாம்.